கையைக் கட்டச் சம்மதித்தேன்

அன்றைக்குக் கட்டிலைச் சுற்றி நான்கு பேர் இருந்தோம். வார்டு சிஸ்டர், நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் கௌசல்யா, ஜெனிபா என்ற இரண்டு பெண்கள், நான். கட்டிலில் என் மனைவி பாக்கியம். அவளுடைய இரண்டு கைகளையும் பேண்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டினார்கள். சம்மதமா என்று என்னிடம் கேட்டார்கள். தலையாட்டினேன்.

பாக்கியத்துக்கு டிமென்ஷியா (மூளை சுருங்கி நினைவும் நிதானமும் மெல்லப் போகும் நோய்) வந்து அது மூன்றாவது வருடம். நாடுகாணிப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவள். அந்த வருட மழைக்கு நிமோனியா (நுரையீரலைக் கிருமி தாக்கிச் சளி கட்டுவது) வந்து, ஊட்டியில் சேர்த்தோம். மருந்து நரம்பு வழியாகத்தான் ஏற வேண்டும். அவளோ புறங்கையில் செருகிய கான்யுலாவை (மருந்து ஏற்ற நரம்பில் விட்டுவைக்கும் சிறு குழாய்) ஒரே நாளில் மூன்று தடவை பிடுங்கிவிட்டாள். மருந்து இறங்காவிட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்றார் டாக்டர்.

நான் ஆறாவதோடு நின்றவன். எதற்கும் பயப்படுகிறவன். சொட்டு நின்றுவிடுமோ என்று பாட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாததா என்று நினைத்தேன்.

கட்டியபின் பாக்கியம் சாப்பிடவில்லை. "உப்பு கொண்டாங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"பிரஷர் இருக்குதுங்க ஐயா, உப்பு குடுக்கக் கூடாது" என்றாள் கௌசல்யா. பிறகு குனிந்து, "பாட்டி, சமத்தா இருக்கோணும், செரியா?" என்றாள்.

"யார்றீ பாட்டி? எம் புள்ளைக்கே இன்னும் காது குத்தலே" என்றாள் பாக்கியம். ஜெனிபா சிரித்துவிட்டாள். எங்கள் மகளுக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம்.

மறுநாள் காலை உடம்பு துடைக்கக் கட்டை அவிழ்த்தார்கள். அப்போதுதான் பாட்டிலை விட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தன் புறங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழாயில் ரத்தம் ஏறிக் கருத்துப்போயிருந்தது.

"கண்ணு, அவளுக்கு அது அட்டைப்பூச்சி" என்றேன் ஜெனிபாவிடம். "அட்டை கடிக்குதுன்னு நெனைக்கறா. மழையில காட்டுல எறங்குனா இடுப்புல உப்பு முடிச்சு இருக்கும். வெச்சா உழுந்துரும். அதைத்தான் கேக்கறா."

ஜெனிபா தாராபுரத்துப் பெண். அட்டையைப் பார்த்ததே இல்லை. குனிந்து பாக்கியத்தின் புறங்கையைப் பார்த்தாள்.

"இந்த நோயப் பத்தி எங்களுக்கு ஒரே ஒரு வகுப்புதானுங்க எடுத்தாங்க. மறதின்னு எழுதி மார்க் வாங்கிட்டோம். இந்த நோய்க்காரங்க அடிச்சுப்போடுவாங்களோன்னு எங்களுக்குப் பயமுங்க ஐயா."

என்னைவிடப் பயந்தவர்களிடம் அவளை ஒப்படைத்திருந்தேன்.

சிஸ்டரிடம் கேட்டுவிட்டு, குழாயின் மேல் பேண்டேஜைச் சுற்றி, ஸ்வெட்டர் கையை விரல்வரை இழுத்துவிட்டாள் ஜெனிபா. கண்ணில் படாததை பாக்கியம் பிடுங்கவில்லை. மறுபடி கட்டவில்லை. ஐந்து நாள் மருந்தும் முழுதாக இறங்கியது. 'ஒத்துழைப்பதில்லை' என்று தன் நோட்டில் எழுதியிருந்ததை கௌசல்யா அடித்துவிட்டாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், வார்டில் சேர்க்கிற அன்றே அவர் என்ன வேலை செய்தவர், எதைக் கண்டால் பயப்படுவார் என்று சொல்லிவிடுங்கள். வார்டில் இருப்பவர்கள் தாமாகக் கேட்காமல் போகலாம். கேட்க வேண்டுமென்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

நிமோனியா தீர்ந்தது. மறதி தீரவில்லை, தீராது. வீட்டுக்கு வந்தபின் நானும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதுவரை கடைக்குப் போகும்போதெல்லாம் அவளை உள்ளே விட்டு, வெளியே தாழ் போட்டுவிட்டுத்தான் போய்வந்தேன். அதற்கு நான் யாரிடமும் சம்மதம்கூடக் கேட்கவில்லை.

இப்போது கூட்டிக்கொண்டே போகிறேன். பத்து நிமிட வழி. ஒவ்வொரு செடியிடமும் அவள் நிற்பதால் முக்கால் மணி நேரம் ஆகிறது.

நேற்று மகள் வந்திருந்தாள். அவளைத் துணைக்கு வைத்துவிட்டுத் தனியாகக் கடைக்குப் போனேன். செடிகளிடம் நின்று நின்று போனதில், அப்போதும் முக்கால் மணி நேரம் ஆயிற்று.