உமியோடு வந்த மூன்று மூட்டை

எங்கள் சித்தப்பா கோயிலுக்குப் போனால் சாமியைப் பார்ப்பதற்குள் பத்துப் பேரைப் பார்த்துவிடுவார் என்று அம்மா சொல்வாள். அமெரிக்காவில், டெக்சஸின் பேர்லேண்டில் எங்களுக்கு அடுத்த வீட்டு ஆன்ட்டி மாலி நாட்டுக்காரர். அவர் கொடுத்த ஃபோனியோவில் அம்மா ஒருநாள் வெண்பொங்கல் வைத்தாள். சாமையைவிடப் பொடி மணி. மற்றப் பயிர்கள் முற்றுவதற்கு முன்பே அறுவடைக்கு வந்து, அவர்கள் ஊரில் பசிக்காலத்தைத் தாண்டவைக்கிற தானியம். சித்தப்பா இரண்டு தட்டு சாப்பிட்டார். சர்க்கரைக்காரர்களுக்கு நல்லது என்று யாரோ சொன்னதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கோயிலில் நாற்பது குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அதன் பிறகுதான் ஆன்ட்டியிடம் கேட்டார்.

இரண்டு மூட்டைதான் முடியும் என்றார் ஆன்ட்டி. விளைவிப்பது அவருடைய தங்கையும் ஊர்ப் பெண்களும். விதைக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் எடுத்துவைத்தபின் மிஞ்சுவதைத்தான் விற்பார்கள். சித்தப்பா இரட்டிப்பு விலை தருவதாகச் சொன்னார்.

“அதனால்தான் வேண்டாம் என்கிறேன்” என்றார் ஆன்ட்டி.

வியாபாரம் தெரியாதவர் என்று சித்தப்பா வீட்டுக்கு வந்து புலம்பினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“குட்டி, அந்த ஆன்ட்டி ஃப்ரிட்ஜ்ல அவங்க சிஸ்டர் நம்பர் ஒட்டியிருக்குன்னியே?”

“யெஸ், ரெட் மேக்னட்டுக்குக் கீழ.”

எனக்கு எட்டு வயது. பெரியவர்கள் என்னிடம் ஒரு வேலை ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை. ஆன்ட்டி எனக்கு ஜூஸ் ஊற்றிக்கொண்டிருந்தபோது அந்த எண்ணை முன்கையில் எழுதி, சட்டைக்கையை இழுத்து மூடிக்கொண்டேன்.

சித்தப்பா ஆன்ட்டிக்குத் தெரியாமல் அந்தத் தங்கையிடமே விலை பேசினார். சில மாதம் கழித்து எட்டு மூட்டை வந்தது. ஐந்து மூட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது. மூன்றில் மணியெல்லாம் உமியோடு.

“என்ன தம்பி இது? கோயில்ல எல்லாரையும் உமியில பொங்கல் வைக்கச் சொல்லப் போறீங்களா?” என்றாள் அம்மா.

“அவசரத்துல தீட்டாம அனுப்பிட்டாங்க அண்ணி. கம்ப்ளெயின்ட் பண்றேன், விடுங்க.”

மிக்ஸியில் போட்டுப் பார்த்தாள் அம்மா, உமி போகவில்லை. கடைசியில் பறவைகளுக்குப் போடச் சொன்னாள். தினமும் பள்ளி விட்டு வந்து கொல்லைப்புறப் புல்லில் வாரி இறைப்பேன். அவ்வளவு பறவைகளை எங்கள் தெரு கண்டதில்லை.

ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஆன்ட்டி, என்ன போடுகிறாய் என்று கேட்டார். ஒரு பிடி கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். எத்தனை மூட்டை இப்படி வந்தது என்றார். மூன்று என்றேன். மீதி இருக்கிறதா என்றார். எல்லாம் காலி என்றேன். நம்பர் யார் கொடுத்தது என்றும் கேட்டார். நான்தான் என்று சொன்னபோது என் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கும்.

அவர் கண் கலங்குவதைப் பார்த்து, தங்கை தீட்டாமல் அனுப்பிவிட்டாளே என்றுதான் வருந்துகிறார் என நினைத்தேன்.

“டோன்ட் வொரி ஆன்ட்டி, நெக்ஸ்ட் இயர் க்ளீனா அனுப்புவாங்க” என்று ஆறுதல் சொன்னேன்.

விதைக்கு வைப்பதைத்தான் தீட்டமாட்டார்கள் என்று எனக்குத் தெரியாது.