மூன்றாவது வரியிலிருந்து எடு

யோகலட்சுமியிடம் வாயைக் கொடுத்துவிட்டு முழுசாகத் திரும்பியவர்கள் திருத்தணியில் குறைவு. சரவணப் பொய்கை பக்கம், இலவசமாகக் கண்புரை ஆபரேஷனுக்கு ஆள் அனுப்பும் ஒரு டிரஸ்ட் ஆபீஸில் அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஆனால் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்திருக்கிற தோரணையைப் பார்த்தால் கலெக்டரே ஒரு நிமிஷம் யோசித்துத்தான் உள்ளே வருவார்.

வேலை இதுதான். ஊர் கேம்ப்பில் டாக்டர் பார்த்த பிறகு, ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களின் பேர், வயசு, எந்தக் கண் என்பதை அந்தந்த ஊர்த் தன்னார்வலர் எக்செல் ஃபைலில் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். எல்லா ஊர் ஃபைலையும் இவள் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். மாசா மாசம் வேன் அந்த மொத்த ஃபைலை வைத்துத்தான் கிளம்பும். அதில் பேர் இருந்தால் ஏறலாம், இல்லையென்றால் இல்லை. ஆரம்பத்தில் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து, காப்பி எடுத்து, ஒட்டி, மூடி, அடுத்ததைத் திறந்து, சே, அது ஒரு பிழைப்பா! கழுத்துக்குத் தைலம் தேய்க்காமல் படுக்க முடியாது. "உனுக்கே கண்ணு ஆபரேஷன் பண்ணணும் போல கீதே" என்று புருஷன் ஹேமநாதன் வேறு கிண்டல் செய்வான்.

அவள் சும்மா இருப்பாளா? யூடியூபைப் பார்த்துப் பார்த்து, மேக்ரோ என்கிற குட்டி புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள். ஃபோல்டரில் கிடக்கிற ஃபைல்களை அதுவே வரிசையாகத் திறக்கும், பேர்களை எடுத்து மொத்த ஃபைலின் அடியில் சேர்க்கும், மூடும். பட்டனை அமுக்கிவிட்டு டீயை ஊதிக் குடிப்பதற்குள் முடிந்துவிடும். முதல் தடவை சரியாக ஓடியபோது "முருகா!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துப் பூக்கடைக்காரர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்து ஆட்கள் காகிதமோ கம்ப்யூட்டரோ, மேலே பிள்ளையார் சுழி போடாமல் எதையும் தொடங்க மாட்டார்கள். அதுவரை வந்த ஃபைல்கள் எல்லாவற்றிலும் முதல் வரியில் 'உ', இரண்டாவது வரியில் பேர், வயசு என்கிற தலைப்பு, மூன்றாவது வரியில்தான் முதல் ஆள். யோகலட்சுமியும் அதே மண்ணில் பிறந்தவள்தானே, அதில் அவளுக்கு வித்தியாசமாக ஒன்றும் படவில்லை. "மூன்றாவது வரியிலிருந்து எடு" என்று மேக்ரோவில் எழுதிவிட்டாள். அதுவும் சொன்னபடி எடுத்தது.

பொதட்டூர்பேட்டையில் புதிதாகச் சேர்ந்த தன்னார்வலர் மணியம்மை ஒரு நாள் போன் செய்தாள். எடுத்த எடுப்பிலேயே சூடு.

"இன்னாங்க நீங்க? எங்கூரு சிங்காரம் பெரியவரு பேரு போன மாசமும் இல்ல, இந்த மாசமும் இல்ல. குளிச்சுட்டு வேட்டி கட்டிகினு வந்து நின்னவரு, வேன் போனப்புறம் தலையத் தொங்கப்போட்டுகினு போறாரு. எனுக்கு வயிறு எரியுது!"

"நீ அனுப்பியிருக்க மாட்ட. மேக்ரோ உடாதும்மா. அது இன்னா மனுசனா, மறந்துபோறதுக்கு?"

"அனுப்பாமயா? ரெண்டு வாட்டியும் அவருதான் மொதல் பேரு! கண்ணு ரொம்ப மோசமாச்சே, மொதல்ல கூட்டிகினு போகட்டும்னு மேல போட்டேன்."

"இரு, உன் ஃபைலத் தொறந்து உனுக்கே காட்டறேன்" என்று யோகலட்சுமி வீறாப்பாகத் திறந்தாள். முதல் வரியிலேயே தலைப்பு. 'உ' இல்லை. மணியம்மை வீடு தாத்தா காலத்திலிருந்தே கறுப்புச் சட்டைக் குடும்பம், அவள் எங்கே பிள்ளையார் சுழி போடப்போகிறாள்? இரண்டாவது வரியில் சிங்காரம். மேக்ரோ மூன்றாவதிலிருந்து எடுத்திருந்தது. போன மாசமும் இதே கதைதான்.

விஷயத்தைச் சொன்னதும், "ஓகோ, சாமி கும்பிடறவங்களுக்குத்தான் உங்க மேக்ரோ வேலை செய்யுமா?" என்றாள் மணியம்மை. "அந்த மனுசன் கிருத்திகை தவறாம மலையேறறவருங்க!"

யோகலட்சுமிக்கு, எல்லாருக்கும் முன்னால் போகட்டும் என்று எழுதிய பேரையே விழுங்க வைத்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. தலைப்பு எந்த வரியில் இருக்கிறதோ அதைத் தேடி, அதற்குக் கீழேயிருந்து எடுக்கும்படி மேக்ரோவை மாற்றினாள். பழைய ஃபைல்களையும் ஒன்றுவிடாமல் பார்த்தாள். நல்லவேளை, வேறு யாரும் விடுபடவில்லை. கேம்ப் டாக்டரிடம் தன் தப்பைச் சொல்லி, வாங்க வேண்டிய திட்டை வாங்கிக்கொண்டு, அடுத்த நாள் அரக்கோணத்திலிருந்து ஆட்களை ஏற்றும் இன்னொரு வேனில் சிங்காரத்துக்கு ஒரு இடம் பிடித்தாள். போனில் சொல்லிவிடலாமே என்றாள் மணியம்மை. "போன்ல சொல்ற விஷயமா இது?" என்று யோகலட்சுமி அன்று மத்தியானமே பொதட்டூர்பேட்டைக்கு பஸ் ஏறிவிட்டாள்.

மணியம்மை கூட வந்து பெரியவர் வீட்டைக் காட்டினாள். தெரு பூராவும் தறிச் சத்தம், சிங்காரம் வீட்டில் மட்டும் இல்லை. கதவு திறந்தே இருந்தது. உள்ளே பெரியவர் கண்களை இறுக்க மூடிக்கொண்டு, தறியிலிருந்து தண்ணீர்க் குடம் வரைக்கும் சுவரைத் தடவித் தடவி நடந்துகொண்டிருந்தார். குடத்தைத் தொட்டதும் திரும்பினார். மறுபடியும் நடந்தார்.

"நைனா" என்று கூப்பிட்டாள் யோகலட்சுமி. அவர் திடுக்கிட்டு நின்றார். "நான் டிரஸ்ட் ஆபீஸ்லேந்து வரேன். மணியம்மை ஒழுங்காத்தான் அனுப்பிச்சா. நான் எழுதுன புரோகிராம்தான் உங்க பேர உட்டுடுச்சு. தப்பு என்னுது. நாளைக்கு வேன் வாசலுக்கே வரும், ஆபரேஷனுக்குக் கெளம்பி இருங்க."

அவர் சுவரைப் பிடித்தபடி அவள் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"அப்போ, என் கண்ணு தேறாதுன்னு பேர எடுக்கலியா?"

"யாரு சொன்னது அப்படி?" என்று மணியம்மை கத்திவிட்டாள்.

"யாரும் சொல்லல பாப்பா. டாக்டரு டார்ச் அடிச்சுப் பாத்துட்டு ஒண்ணும் பேசல. அப்பால ரெண்டு வாட்டி உட்டுட்டாங்க. மூஞ்சிக்கு நேரா சொல்ல மனசு வராம இப்படி செய்யறாங்கன்னு நெனச்சேன். அதான் கண்ண மூடிகினு நடந்து பழகிகினு கீறேன். சந்திராவுக்குத் தெரியாது. தெரிஞ்சா தாங்க மாட்டா."

யாரிடமும் வாயடங்காத யோகலட்சுமி, "தேறும் நைனா, தேறும்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து நூல் மூட்டையோடு அவர் மனைவி சந்திரா உள்ளே வந்தாள். "நாளைக்கு ஆபரேஷனாம்" என்று சொல்ல வாயெடுத்த பெரியவர், முடிக்கமாட்டாமல் குழந்தை மாதிரி விம்மி விம்மி அழ ஆரம்பித்தார்.

"அட, நல்ல சேதிக்கு இன்னாத்துக்குய்யா அழுவுற?" என்று மூட்டையை இறக்கிவிட்டு இந்த இரண்டு பேரையும் பார்த்தாள் சந்திரா. "இன்னாம்மா ஆச்சு இவுருக்கு? நீங்களாவது சொல்லுங்களேன்."

இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.