முத்திரைக்கு வைத்த பொட்டு

"…சும்மா சொல்லலைண்ணா, அந்தப் பத்து டாலர் நோட்டு பத்துக்கு மேல ஒரு காசு தேறினாலும் என் மீசையை எடுத்துடறேன்!" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

மதுரைக்காரர். பிளாக்டவுனில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். மீசை என்றால் அப்படி ஒரு மீசை. வீடியோ மீட்டிங்கில் அவருக்கு முன்னால் அதுதான் வந்து உட்காரும் என்பார் அவர் மனைவி. எங்கள் மன்னார்ப் பக்கம் பந்தயம் பிடிப்பவர்கள் மொட்டை அடிப்பதாகச் சொல்வார்கள். சொன்ன தலை ஒன்றும் மொட்டையானதை நான் கண்டதில்லை. ஆகையால் இதையும் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

நோட்டு அவர் மனைவியுடையது. கப்பலில் சமையல்காரராக இருந்த அவருடைய அப்பா, கல்யாணத்தன்று மகள் கையில் வைத்தது. அன்றிலிருந்து பூஜை அலமாரியில் லட்சுமி படத்தோடு குடியிருக்கிறது. கணவருக்கோ அது "மாமனார் போட்ட செல்லாத நோட்டு." கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் மனைவி அன்று அதையும் அவரையும் இழுத்துக்கொண்டு, அடுப்படியில் நின்ற என்னைத் தேடி எங்கள் குசினிக்கே வந்துவிட்டார்.

"எங்கப்பா குடுத்தது நல்ல பொருள்தான்னு இவர் காதுல விழுற மாதிரி சொல்லுங்கண்ணா."

பழைய நோட்டுச் சேர்க்கிற பைத்தியம் எனக்கு உண்டு. நூலகப் புத்தகங்களும் ஞாயிறு நாணயச் சந்தையும் தந்த படிப்பு. பழைய அமெரிக்க நோட்டில் முதலில் பார்க்க வேண்டியது வலப்பக்கத்து வட்ட முத்திரையின் மை. பச்சை என்றால் நம்மைப் போலச் சாதாரண ஆள். நீலம், ஒருகாலத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால் வெள்ளி தந்தது. பழுப்பு அபூர்வம், கண்டால் எழுந்து நிற்கலாம்.

இந்த முத்திரை பழுப்பு. நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"கத்தரிக்கோல் எங்கண்ணா இருக்கு?" என்றார் மனைவி, கணவரின் மூக்குக்குக் கீழே பார்த்தபடி.

ஆனால் நோட்டின் தொடர் இலக்கங்கள் பச்சையாக இருந்தன. முத்திரையையும் இலக்கத்தையும் இந்தப் பத்து டாலர்களில் ஒரே மையில்தான் அடிப்பார்கள். பூதக்கண்ணாடியை எடுத்தேன். காகிதத்தின் நாரிடையே சிவப்புத் தூள்.

"தங்கச்சி, உதுக்குக் குங்குமம் வச்சனீங்களோ?"

"ஆமா, வெள்ளிக்கிழமை தவறாம. வட்டமா அழகா இருந்துச்சு. பொட்டு வைக்க வேற எடம் ஏதுண்ணா?"

பச்சை மேல் சிவப்பு ஏறிப் பழுப்பாகியிருக்கிறது. கணவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "நோட்டையே சுமங்கலி ஆக்கிட்டாண்ணா!" என்று மீசையை முறுக்கினார். மனைவி நோட்டை எடுத்துக்கொள்ளக் கையை நீட்டினார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"கொஞ்சம் பொறுங்கோ, பிள்ளை" என்றேன். அவசரத்தில் ஆண்டைப் பார்க்க மறந்திருந்தேன். 1934 வரிசை. அந்த வரிசையில் இரண்டு பச்சை உண்டு: முதலில் அடித்தது வாழைக் குருத்துப் பச்சை, பிறகு அடித்தது கரும்பச்சை. சேர்ப்பவர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்குவது குருத்துப் பச்சையை. முத்திரையைப் பொட்டு மறைத்தால் என்ன, அதே மைதானே இலக்கத்திலும்? என் ஆல்பத்திலிருந்து ஒரு கரும்பச்சையை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். மூவரும் குனிந்து பார்த்தோம். குங்கும நோட்டு சந்தேகமில்லாத குருத்து.

"கறை பட்டதால பெரிய விலை வராது, தம்பி. ஆனா பத்துக்கு ஆரும் விக்கமாட்டினம். சந்தையில இருபது சொன்னாலும் வாங்க ஆள் இருக்கு."

"இந்த ஊர் டாலர்லயா, அமெரிக்க டாலர்லயா?" என்றார் கணவர்.

"ஓம். அமெரிக்க டாலரிலதான்."

கணவரின் கை தானாக மீசைக்குப் போனது.

"மீசையெல்லாம் வேணாங்க" என்றார் மனைவி. கண் கலங்கியிருந்தாலும் சிரித்தார். "அப்பா குடுத்ததை இனிமே கிண்டல் பண்ணாதீங்க, அது போதும்."

கணவர் தன் போனை என் கையில் கொடுத்துவிட்டு மனைவிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நோட்டை இருவருக்கும் நடுவே பிடித்து, மீசையை ஒருமுறை நன்றாக நீவிவிட்டு, "எடுங்கண்ணா" என்றார். எடுத்தேன். படத்தை அங்கேயே மாமனாருக்கு அனுப்பினார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தன் வீட்டுக்குள் போனார். சற்று நேரத்தில் வேலிக்கு இந்தப் பக்கம் வரை ட்ரிம்மர் சத்தம் கேட்டது.