ஒரு கையெழுத்துக்காக முகத்துவாரக்குப்பம் வரை

மயக்கவியல் மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பப் பயணம் எதற்கு, உட்கார்ந்த இடத்திலிருந்தே இணையத்தில் ஏற்றினால் முடிந்ததே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை, மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. காலை பதினொன்றரைக்குக் குரோம்பேட்டை வீட்டில் காபியோடு உட்கார்ந்து கடைசியாக ஒருமுறை சரிபார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. நான் இணைத்து வைத்திருந்தது அறுவை சிகிச்சைக்கு நோயாளி போட்ட சம்மதக் கையெழுத்து. அவர் கதையை மாநாட்டில் போஸ்டராக வெளியே காட்ட அவர் தரும் சம்மதம் வேறு தாள். அதை வாங்கவே இல்லை. தலையில் அடித்துக்கொண்டேன்.

இருபத்திரண்டு வருடமாக மயக்க மருந்து கொடுக்கிறேன், எல்லாம் சின்னச் சின்ன மருத்துவமனைகளில். என் பெயர் போட்ட போஸ்டர் ஒன்று மாநாட்டுச் சுவரில் ஏறியதே இல்லை. இந்த வருடம்தான் முதன்முதலாக எழுத உட்கார்ந்தேன். இதை விட்டால் இனி எழுதவே மாட்டேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

நோயாளி தேசப்பன் (இங்கே பெயரும் ஊரும் எழுத அவரிடம் கேட்டுக்கொண்டேன்), எண்ணூர் முகத்துவாரக்குப்பத்து மீனவர். வருடக்கணக்கில் மாவா என்கிற புகையிலைப் பாக்கைப் போட்டுப் போட்டு வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்காது. அதோடு தாடையில் சீழ் வேறு. இப்படிப்பட்டவரை முதலில் தூங்க வைத்தால் மூச்சு நின்றுவிடும். அவர் விழித்திருக்கும்போதே மூக்கு வழியாகக் குழாயை மூச்சுக்குழல்வரை இறக்கிவிட்டு, அப்புறம்தான் தூங்க வைக்க வேண்டும். அவர் பயந்து திமிறினால் எல்லாம் போச்சு. பதினேழு நிமிடம் பேசிக்கொண்டே இறக்கினேன். என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை, கண் முழுக்கக் குழாய் போகும் வழியைக் காட்டும் திரையில் இருந்தது. “மேடம், நீங்களா அப்படிப் பேசினீங்க?” என்று பிறகு செவிலியர் சிரித்தார். கல்லூரி விடுதியில் என் ‘இன்னா’வைக் கேட்டுக் கேட்டு எல்லோரும் சிரித்ததில் நான் மூட்டை கட்டி வைத்த மெட்ராஸ் பாஷை அன்று தானாக அவிழ்ந்துவிட்டதாம். ஆய்வுச் சுருக்கத்தில் அந்தப் பதினேழு நிமிடத்துக்கும் ஒரே வரிதான். ‘நோயாளிக்கு வாய்மொழியாகத் தைரியம் அளிக்கப்பட்டது.’

அவருடைய எண்ணுக்கு நாலு முறை அடித்தும் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றே வந்தது. சரி, கிளம்பு என்று கிளம்பிவிட்டேன். நிலையத்தருகே படிவத்தை இரண்டு நகல் எடுத்துக்கொண்டு 12.10 வண்டியைப் பிடித்தேன். எண்ணூர்வரை சீட்டு பதினைந்து ரூபாய். பீச் ஸ்டேஷனில் இறங்கி 1.25 கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறினேன். மதியத்தில் கூட்டம் இருக்காது, வலது பக்கம் உட்கார்ந்தால் காற்று நன்றாக வரும்.

அடுத்த நிலையம் ராயபுரம். நான் பிறந்து வளர்ந்தது கல்மண்டபத்தில், அதனால் அது என் நிலையம். அப்பாவுக்குக் கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் வேலை. சாயங்காலம் 6.10 வண்டியில் ராயபுரத்தில் இறங்குவார். கோயில் மணி அடித்ததும் நான் நடைமேடைக்கு ஓடிவிடுவேன். “கையெல்லாம் கிரீஸு, கிட்ட வராத” என்று டிபன் பாக்ஸை மட்டும் நீட்டுவார். இந்தப் பாதையின் நிலையங்களை வரிசையாக ஒப்பிக்கச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். அவர் போனதும் வீட்டைக் காலி செய்துவிட்டுக் குரோம்பேட்டைக்கு வந்தோம். பதினாறு வருடமாகிறது, அங்கே இறங்க எனக்கு மனமே வந்ததில்லை. அன்றும் வண்டி அங்கே நின்று கிளம்பும்வரை குனிந்து சம்மதப் படிவத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

வண்ணாரப்பேட்டை தாண்டித்தான் நிமிர்ந்தேன். கொருக்குப்பேட்டையில் சரக்குப் பெட்டிகள் அப்படியே வரிசைகட்டி நின்றன. திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம். எண்ணூரில் இறங்கும்போது மணி 2.08. அங்கிருந்து குப்பம் இரண்டரை கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். இன்னும் ரெண்டு பேர் ஏறட்டும் என்று ஓட்டுநர் இருபது நிமிடம் நிறுத்தி வைத்துவிட்டார்.

தேசப்பன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். விடியற்காலையில் கடலுக்குப் போய் வந்தவர், எழுப்பாதீர்கள் என்று அவர் மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை, நேரம் அப்படி. எழுந்து வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, “இன்னா டாக்டரம்மா, இம்மாந்தூரம் வந்துகீற?” என்றார். வாய் இப்போது இரண்டு விரல் அளவுக்குத் திறக்கிறது, மாவாவை விட்டுவிட்டாராம். விஷயத்தைச் சொன்னேன். பெயர் போட மாட்டோம், ஊர் போட மாட்டோம், முகத்தைக் காட்ட மாட்டோம் என்று விளக்கினேன். என்ன எழுதியிருக்கிறாய் என்று படித்துக் காட்டச் சொன்னார். தமிழில் வரிவரியாகச் சொல்லி முடித்தேன். அவர் பேனாவைத் தொடவில்லை.

“நீ ரயிலு வுட்டியே, அது எங்க?”

எந்த ரயில் என்று கேட்டேன்.

“இன்னா இப்டி கேக்குற? பீச்சுல ஏத்துன. வண்ணாரப்பேட்ட வந்துச்சு, மூக்கத் தாண்டிட்டோம் நைனான்ன. கொருக்குப்பேட்ட வந்துச்சு, மூச்ச நல்லா இழுன்ன. எண்ணூரு வந்தா தூங்கிரலாம், வூட்டாண்ட வந்துட்டோம்னு சொல்லிக்கினே இருந்த. அத்தப் புடிச்சிக்கினுதான் நான் படுத்துகினு இருந்தேன். நீ இன்னாடான்னா மருந்து பேரா எழுதி வச்சிகீற. அத்த எழுது, அப்பால கையெழுத்துப் போடுறேன்.”

அவருக்குப் படபடப்பு குறைய அன்று கொடுத்த மருந்து, நடந்ததை மறக்கவும் வைக்கும். அவர் மறக்கவில்லை, நான்தான் மறந்திருந்தேன். அப்பா சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்திருக்கிறேன்.

மணி 3.40. சுருக்கம் இருநூற்றைம்பது வார்த்தையைத் தாண்டக்கூடாது, நானோ விளிம்பில் நின்றேன். எதையாவது வெட்டினால்தான் இது நுழையும். கடைசியில் ‘இது குறித்து மேலும் ஆய்வுகள் தேவை’ என்ற பொருளில் எல்லோரும் எழுதும் ஒரு நீட்டு வரி இருந்தது. அதைத் தூக்கினேன். அந்த இடத்தில், நோயாளி வீடு திரும்பும் ரயில் பாதையின் நிலையங்கள் வரிசையாகச் சொல்லப்பட்டன என்று கைப்பேசியிலேயே தட்டி, படித்துக் காட்டினேன்.

அதற்கும் இல்லையென்று தலையை ஆட்டினார். “வரிசையா இன்னா வரிசையா? ராயபுரத்த வுட்டுட்டியே. பீச்சுக்கு அப்பால நேரா வண்ணாரப்பேட்டைக்குப் பூட்ட. மூக்குல கொயா சொருகிகினு கீது, இல்லாங்காட்டி அப்பவே கேட்டிருப்பேன்.”

சிரிப்புதான் முதலில் வந்தது. குழாயை மூக்கில் வைத்துக்கொண்டு மனுஷன் நிலையத்தை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். அப்புறம் அழுகையும் வந்துவிட்டது. அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ‘வரிசையாக’ என்ற வார்த்தையை எடுத்தேன். தேசப்பன் இரண்டு நகலிலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். படிவத்தைக் கைப்பேசியில் படமெடுத்தேன், குப்பத்துக்குள் சிக்னல் நிற்கவில்லை, படகுகள் பக்கம் போய் நின்று ஏற்றினேன். 4.38க்குப் பதிவு எண் வந்தது.

நேற்று மின்னஞ்சல் வந்தது. போஸ்டருக்குத் தேர்வாகிவிட்டது. அந்த ரயில் வரியைப் பற்றித் தேர்வுக் குழுவில் ஒருவர் கேள்வி எழுப்பியிருக்கிறார், நேரில் விளக்க வேண்டுமாம். விளக்குகிறேன்.

இதே வேலையாக யாராவது அலைந்தால் நான் சொல்வது இதுதான். வெளியிடுவதற்கான சம்மதத்தை நோயாளி மருத்துவமனையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். விட்டுப்போனால் நேரில் போங்கள், எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள், உங்களுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருக்கும். மீனவர் குடும்பம் என்றால் மதியத்தில் போய்த் தூக்கத்தைக் கெடுக்காதீர்கள். எண்ணூரிலிருந்து திரும்ப 5.15 வண்டி வசதி, பீச்சுக்கு முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ராயபுரத்தில் மட்டும் வண்டி அரை நிமிடம்தான் நிற்கும். அங்கே இறங்குவதென்றால் வண்ணாரப்பேட்டையிலேயே எழுந்து வாசலுக்கு வந்து நின்றுகொள்ளுங்கள். நான் அன்று கொருக்குப்பேட்டையிலேயே எழுந்துவிட்டேன்.