ரப்பர் ஷீட் வைத்து அடக்கிய சத்தம்

நாசிக் பக்கம் பிரேக் சரியாகப் பிடிக்காத லாரியில் இரண்டு வருடம் கிளீனராக இருந்திருக்கிறேன். ஓமனில் தண்ணீர் லாரி ஓட்டினேன். அம்பூரியில் ரப்பர் வெட்டி, பால் உறையவைத்து ஷீட் அடித்தேன். ஒன்பதாம் வகுப்பில் பாதியில் எழுந்து போனவனுக்கு இதெல்லாம்தான் படிப்பு. எங்கேயும் பெரிதாகப் பயந்ததில்லை. பயந்தது, கேரள எல்லையில் இருக்கும் எங்கள் ஊர் பாறசாலைக்குத் திரும்பி வந்து ஏசி போட்டு ஓட்டிய ஒரு வெள்ளை எஸ்.யு.வி.யில்தான்.

வண்டி ஒரு டீச்சருடையது. தனுவச்சபுரத்தில் பள்ளிக்கூட வேலை. கணவர் வெளிநாட்டில், நாலு வயதில் ஒரு மகள். வாங்கி இரண்டு வருடம் ஆகவில்லை, அதற்குள் எண்பதைத் தொட்டால் ஸ்டீயரிங் நடுங்கும். பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் இடது சக்கரத்தில் 'டொக்' என்று ஒரு அடி.

நெய்யாற்றின்கரை தாண்டி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். வண்டி எங்கெல்லாம் ஓடுகிறது என்று கேட்டார்கள். எல்லைக்கு அந்தப் பக்கமும் போகும் என்றேன்.

"அப்ப தமிழ்நாட்டு ரோடாக்கும் காரணம்" என்று சக்கரத்தை பேலன்ஸ் செய்து அனுப்பிவிட்டார்கள்.

எல்லை தாண்டி ஒரு பட்டறையில் காட்டினேன். அவர் முதலில் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். "கேரளா ரோட்டுல வளைஞ்சு வளைஞ்சு ஓடினா இப்படித்தான் ஆவும்" என்றார். இரண்டு பேருமே அடியில் படுத்துப் பார்க்கவில்லை.

இதே வண்டி வைத்திருப்பவர்களுக்கு வாட்ஸாப்பில் ஒரு குழு உண்டு. டீச்சரின் கணவர் அதில் இருந்தார். வருகிற வாய்ஸ் மெசேஜை எல்லாம் டீச்சருக்கு அனுப்புவார். டீச்சர் வண்டியில் உட்கார்ந்து சத்தமாகப் போடுவார். கோழிக்கோட்டில் ஒருவருக்கு அதே நடுக்கம், கோயம்புத்தூரில் ஒருவருக்கும் அதே. இன்னொருவருக்கு வீட்டு முற்றத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போதே முன்சக்கரம் கழன்று மடங்கி உட்கார்ந்துவிட்டதாம். அதைக் கேட்ட அன்றே என் பயம் ஆரம்பித்தது. முற்றத்தில் மடங்கியது அம்பூரி மலையில் மடங்கினால் என்ன ஆகும்? டீச்சரின் அம்மா வீடு அங்கேதான். சனிக்கிழமைதோறும் போவோம்.

அடுத்த மெசேஜ் கணவரின் சொந்தக் குரல். "ஸ்டீயரிங் விறையல் எல்லாருக்கும் உண்டு. இந்த டொக் சத்தம் நம்ம டிரைவர் ஓட்டுகதுனாலயாக்கும். ஆள மாத்திப் பாரு." டீச்சர் அவசரமாக போனை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் கேட்காததுபோல் ஹாரன் அடித்தேன். முன்னால் ஒரு வண்டியும் இல்லை.

மறுநாளே குன்னத்துகாலில் தெரிந்த மெக்கானிக்கிடம் போனேன். அவன் மட்டும்தான் அடியில் படுத்தான்.

"எலே மக்கா, சக்கரத்தத் தாங்குக இரும்புக் கைக்க புஷ் கிழிஞ்சு கெடக்கு. டொக்குன்னு அடிக்காம பின்ன கீர்த்தனையா பாடும்?"

"புதுசு உண்டா?"

"சொல்லி விட்டா ரெண்டு வாரம் ஆவும். ஷாக் அப்சார்பரும் எண்ணெ வடிக்கி. அதுவும் மாத்தணும்."

"ரெண்டு வாரத்துக்குள்ள என்னையே மாத்திடுவாவ. இப்ப சத்தம் நிக்கணும்."

புஷ் என்பது இரும்புக்கு நடுவே இருக்கும் ரப்பர் வளையம். அவன் பட்டறைக்குப் பின்னால் எங்கள் ஊரில் எல்லோர் வீட்டிலும் கிடப்பதுபோல் புகைபோட்ட ரப்பர் ஷீட் அடுக்கியிருந்தது. நான்தான் அதைக் காட்டினேன். அவன் கொஞ்சம் யோசித்தான். "ரெண்டு நாளைக்கு நிக்கும். மலைக்குக் கொண்டு போவாத, கேட்டியா" என்றபடி கீறிக் கீறி இடைவெளியில் அடித்து ஏற்றினான்.

சத்தம் சுத்தமாக நின்றது.

"அண்ணே, என்ன செய்தீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"ஒரு நட்டு லூசாக்கும் டீச்சர். முறுக்கியாச்சு."

கணவர் கட்டைவிரல் படம் அனுப்பினார். எனக்குத் தூக்கம் போனது. முன்பெல்லாம் அந்தச் சத்தம் வந்தால் சக்கரம் இன்னும் இருக்கிறது என்று தெரியும். இப்போது எதுவும் தெரியவில்லை.

சனிக்கிழமை வந்தது. உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வேறு டிரைவரைக் கூப்பிடுவார்கள். அவன் எந்தச் சத்தமும் இல்லாமல் ஓட்டிக் காட்டுவான். அதனால் போனேன்.

ஏறும்போது ஒன்றும் இல்லை. திரும்பி இறங்கும்போதுதான், மூன்றாவது வளைவில் பிரேக்கைத் தொட்டேன், ஸ்டீயரிங் என்னைக் கேட்காமல் இடதுபக்கம் போனது. இடதுபக்கம் சரிவு. கீழே வரிசை வரிசையாக ரப்பர் மரம். இழுத்துப் பிடித்தேன். அடுத்த வளைவில் இன்னும் அதிகமாகப் போனது. பின்சீட்டில் குழந்தை பலாச்சுளை தின்றுகொண்டு ஏதோ பாடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஷீட் அடித்த காலத்தில் முதலாளி ஒருமுறை என்னை அடிக்க வந்தார், ஷீட் அடுக்கின் பக்கத்தில் டீசல் கேனை வைத்ததற்காக. எண்ணெய் பட்டால் ரப்பர் இளகிப் பசையாகிவிடும். இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. எண்ணெய் வடிகிற ஷாக் அப்சார்பருக்குக் கீழே ரப்பர் ஷீட்டை வைக்கச் சொன்னவன் நான்.

பிரேக்கை விட்டுவிட்டு ஒவ்வொரு கியராகக் குறைத்தேன். எதிரே வண்டி வருகிறதா என்று வளைவில் தெரியவில்லை. வந்தால் வரட்டும் என்று ரோட்டைக் குறுக்கே கடந்து வலதுபக்க மண்திட்டில் மெதுவாக மோதி நிறுத்தினேன். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு அடியில் கையை விட்டேன். கறுப்புப் பசை விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. புஷ் நடுவே போகும் போல்ட் பாதிக்கு மேல் வெளியே நின்றது.

"நட்டு முறுக்கியாச்சுன்னு சொன்னீங்களே" என்றார் டீச்சர்.

"பொய்யாக்கும் டீச்சர்."

"என்னத்துக்கு?"

"ஆள மாத்தச் சொல்லி வாய்ஸ் வந்துதுல்லியா, அன்னைக்கி."

டீச்சர் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். குழந்தை என் கையைப் பார்த்து, "மாமா, அது பபிள்கம்மா?" என்று கேட்டது. நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

வெகுநேரம் கழித்து பஸ் வந்தது. கை காட்டி நிறுத்திவிட்டு டீச்சர் என் பக்கம் உள்ளங்கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். இந்த வண்டியை இனி நான் தொடக்கூடாது என்று அர்த்தமா, இன்றைக்கு மட்டும் எடுத்துவிடாதே என்று அர்த்தமா, கேட்கத் துணிவு வரவில்லை. பஸ் வளைவில் மறையும்வரை குழந்தை கையாட்டியது.

ரோட்டோரத்தில் களையாக மண்டிக் கிடந்த கம்யூனிஸ்ட் பச்சைச் செடியின் இலையைப் பறித்து விரலைத் தேய்த்தேன். பசை போகவில்லை. நின்றுபோன வண்டியில் சாய்ந்துகொண்டு இன்னொரு இலையைப் பறித்தேன்.