எண்ணெய்க் கையில் சுழலாத பிளேயர்

செய்தி வந்தபோது நான் கம்பெனி ஸ்டோரில் நின்று, 'ஏழு வேலைக்கும் ஒன்றே போதும்' என்று அட்டையில் அச்சடித்த கருவிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். பகல் பதினொன்றரை இருக்கும். போனில் தம்பானூர் லாட்ஜின் மேனேஜர். "சாரே, பகவதி சேச்சிக்கு ஷாக் அடிச்சு. ஆட்டோல கொண்டு போயாச்சு. ஒண்ணு வேகம் வரணும்" என்றார். கையிலிருந்த டப்பாவை அதன் வரிசையில் சரியாக வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. நான் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்திருந்தது.

பகவதி என் மனைவி. நாகர்கோவில் பக்கம் பிறந்து, ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்து, இங்கே ஒரு கட்டடப் பராமரிப்புக் கம்பெனியில் எட்டு வருஷம் வேலை பார்த்தவர். நான் டிப்ளமோ முடித்து அதே கம்பெனிக்கு ஸ்டோர் பொறுப்பாளனாக வந்தபோது எனக்கு மூன்று வருஷம் சீனியர். அதனால் நம் சங்க மலரில் 'அவர்' என்றே எழுதுகிறேன். வீட்டில் அப்படிச் சொல்லியிருந்தால் கிண்டலில் கொன்றிருப்பார்.

போன வாரம் இரங்கல் கூட்டத்தில் நாலு பேர் பேசினார்கள். நாலு பேரும் "எப்போதும் சிரித்த முகம்" என்றார்கள். வேலை நேரத்தில் பகவதி சிரித்து நான் பார்த்ததே இல்லை. கம்பெனி மேலாளர் கம்பெனிப் பெயரைப் பெரிதாகப் போட்ட மலர்வளையத்தோடு வந்து, போட்டோ எடுக்கும்வரை கையை எடுக்காமல் நின்றார். பகவதி எப்படிப்பட்டவர் என்று யாரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

முதல் நாள் ஸ்டோருக்குப் பழம்பொரியைக் கடித்தபடி வந்தார். புது கட்டிங் பிளேயர் கொடுத்தேன். எண்ணெய் வழியும் கையாலேயே கைப்பிடியை இறுக்கிப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினார். ரப்பர் உறை தனியாகச் சுழன்றது. மேஜையில் போட்டார்.

"என்ன எஞ்சினியரே, இது கைப்பிடியா, சாக்ஸா?"

"ஆயிரம் வோல்ட்டுன்னு போட்டிருக்கே."

நகத்தால் அந்த எழுத்தைச் சுரண்டினார். உரிந்து வந்தது. "நகத்துக்கே நிக்கல. கரண்டுக்கு நிக்குமா? வேர்த்த கையோட வேலை செய்யுதவ நான். உங்க ஃபேனுக்கு அடியில இருந்து பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும்."

ஐந்தாவது பிளேயர் தேறியது. உறையும் உலோகமும் ஒன்றாக வார்த்தது. அதில் சிவப்பு டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொண்டார்.

இன்னொரு பழக்கம், அவரோடு வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். மெயினை நிறுத்தியவர் வேலை முடியும்வரை அந்த ஸ்விட்சின் பக்கத்திலேயே நிற்க வேண்டும். "ஆஃப்?" என்று பகவதி கேட்பார். "ஆஃப். நான் நிக்கேன்" என்று பதில் வர வேண்டும். வராவிட்டால் தொடமாட்டார். வலியசாலையில் எங்கள் வீட்டில் ட்யூப்லைட் மாட்டும்போதும் இதே கதை. ஒருநாள் அடுப்பில் பால் பொங்கியது. நான் நகரப் பார்த்தேன். "பால் போனா போகட்டு. அங்கனயே நில்லுங்க" என்றார் ஸ்டூல் மேலிருந்து.

போன வருஷம் கம்பெனி ஒரு முடிவெடுத்தது. ஆளுக்கு ஒரு பை நிறையக் கருவி எதற்கு, ஒரு பல்நோக்குக் கருவி போதும். ஒரு வேலைக்கு இரண்டு பேர் எதற்கு, ஒருவர் போதும். என்னிடம் தொழில்நுட்பக் கருத்து கேட்டார்கள். மூன்று மாதிரிகளை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

பகவதி தேங்காயெண்ணெய்ப் பாட்டிலோடு உட்கார்ந்தார். கைப்பிடியில் டெஸ்டர் வைத்தது முதல் முறுக்கிலேயே சுழன்றது. வயரை வெட்டவும் தோல் உரிக்கவும் முனை நசுக்கவும் ஒரே வாய் வைத்த இன்னொன்றை எடுத்தார். கைப்பிடி முழுசாக வார்த்தது, உள்ளங்கையில் உலோகம் படவில்லை. "இது கொள்ளாம். இத வாங்குங்க" என்றார். கடைசியானது, கைப்பிடிக்குள் கத்தியும் திருப்புளியும் மடங்கி இருப்பது. அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"கைப்பிடிக்குள்ள கத்தி இருந்தா கைப்பிடியும் கத்திதான். சைக்கிள் கடைக்குக் குடுங்க."

கம்பெனி ஏற்கெனவே அதைத்தான் தீர்மானித்திருந்தது. நான் சண்டை போடவில்லை. புத்திசாலித்தனமாக எழுதுவதாக நினைத்து, 'மின்சாரம் நிறுத்தப்பட்ட வேலைகளுக்கு மட்டும் ஏற்றது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பகவதி வாங்கிப் படித்தார்.

"'மட்டும்'னு எழுதிட்டா கரண்டு வாசிச்சுப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருமா?"

பழைய கருவிகளைத் திரும்ப வாங்கும் வேலையும் எனக்குத்தான் வந்தது. சிவப்பு டேப் சுற்றிய பிளேயரை என் மேஜையில் வைத்தார். "உங்க கையெழுத்துதானே, எடுத்துக்கிடுங்க" என்றார். நான் எடுத்துச் சாக்கில் போட்டேன்.

புது விதிப்படி அன்று லாட்ஜில் அவர் தனியாக இருந்தார், கையில் அந்த மடக்குக் கருவி. மெயினை நிறுத்தினார். டெஸ்டர் வைத்தும் பார்த்தார். இதை நேரில் கண்ட லாட்ஜ் மேனேஜரே என்னிடம் சொன்னார். பிறகு ஏதோ அறையில் ஃபேன் நின்றுபோனதென்று ஒருவர் கத்த, ரிசப்ஷனில் ஜெனரேட்டரைப் போட்டார்கள். ஸ்விட்சின் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. நிறுத்திய மெயினைச் சுற்றிக்கொண்டு ஜெனரேட்டர் மின்சாரம் எந்த வழியாக அவர் கைக்கு வந்தது என்று எனக்குப் படம் போட்டுக் காட்டத் தெரியும். கம்பெனி மேலாளருக்குப் போட்டும் காட்டினேன். அதைப் பார்க்காமலே ஒரு தாளை நகர்த்தினார். 'பணியாளர் மின் இணைப்பைத் துண்டிக்கத் தவறினார்' என்று அச்சடித்திருந்தது.

"ஒரு ஒப்பு போதும் கேட்டோ. பாக்கி எல்லாம் நாங்க நோக்கிக்கறோம். உங்க ரிப்போர்ட்டும் ஃபைல்ல இருக்கில்ல, 'ஏற்றது'ன்னு?"

அவர் காட்டிய நகலில் முன்பாதி வாக்கியம் இல்லை. அருவருப்பாக இருந்தது. அவரைப் பார்த்து மட்டுமல்ல. அந்தக் கடைசிச் சொல்லை அவருக்கு எழுதிக் கொடுத்தவன் நான்.

அவர் கேட்ட கையெழுத்தைப் போடவில்லை. மின் ஆய்வாளர் அலுவலகத்தில் என் அறிக்கையின் முழு வாக்கியத்தையும், பகவதி நிராகரித்த விவரத்தையும், அதை மீறி நான் கையெழுத்திட்டதையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலை போகலாம். என் மின் உரிமமும் போகலாம். பகவதி மெயினை நிறுத்தாமல் போர்டைத் தொட்டார் என்று இந்த ஊரில் ஒருவரும் சொல்லக் கூடாது.

நேற்று ஸ்டோருக்குப் போய்ச் சாக்கை அவிழ்த்துச் சிவப்பு டேப்பைத் தேடி எடுத்தேன். வீட்டில் கை நிறையத் தேங்காயெண்ணெய் ஊற்றிக்கொண்டு பலம் கொண்டமட்டும் முறுக்கினேன். உறை அசையவில்லை. மறுபடி மறுபடி முறுக்கினேன். உள்ளங்கைதான் சிவந்தது.

பகவதி, கேட்கிறாயா. ஆஃப். நான் நிக்கேன்.