வீட்டில் ஒருவருமில்லை, சேர்

என் தங்கைக்கு அந்தப் பொய்யைச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். இங்கிலீஷில், ஒரு பிழையுமில்லாமல் சொல்லிக்கொடுத்தேன்.

எங்கள் தோட்டம் கஹவத்தை டவுனுக்கு மேலே, மலையில். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர், தங்கை இறப்பர் மலையில் பால் வெட்டினாள். அம்மா போய்ச் சேர்ந்து பல வருடம். அப்பா தோட்டத்துத் துரையின் பங்களாவில் முப்பது வருடம் சமைத்தவர். வாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. அவரைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, சோறு பிசைந்து ஊட்டியது எல்லாம் தங்கை. நான் வாயால் மட்டும் பார்த்துக்கொண்டவள்.

வெளிநாட்டில் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலைக்கு அவள் மனுப் போட்டாள். நேர்முகம் இங்கிலீஷில். மாலையில் அப்பாவின் கட்டிலருகே பாடம் நடத்தினேன். 'டேக் கெயார்' என்பது விடைபெறும்போது சொல்வது. சொன்னவர் அதோடு கையைக் கழுவிவிடலாம். 'டேக் கெயார் ஒஃப்' என்றால் அப்படியில்லை, கை அழுக்காக வேண்டும். கடித உறையில் 'கெயார் ஒஃப்' என்று வந்தால், இன்னொருவர் பொறுப்பில் வருகிறது என்று அர்த்தம். நாங்கள் இருந்த லயத்து வரிசை வீட்டுக்கு ஏது முகவரி? எங்கள் கடிதமெல்லாம் தோட்டத்து ஒஃபீஸ் பொறுப்பில்தான் வந்தது. 'ஐ டோன்ட் கெயார்' மட்டும் வாயில் வரவே கூடாது என்றேன்.

"அது தொரை பேச்சும்மா," என்று அப்பா சிரித்தார். "மழையில ஆளுங்க நனையுறாங்க சேர்னு கங்காணி வந்து சொன்னா, அவரு அதத்தான் சொல்லுவாரு."

ஏஜென்சிக்காரர் ஒன்றை அழுத்திச் சொல்லியிருந்தார். வீட்டில் அவள் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கட்டாயம் கேட்பார்களாம். ஆமாம் என்றால் எடுக்கமாட்டார்களாம், பாதியில் ஊருக்கு ஓடிவிடுவார்கள் என்று. அதனால் படிவத்தில் அப்பா இறந்துவிட்டதாக எழுதினோம். எழுத்து என்னுடையது.

"அப்பாவ முன்னால வச்சிக்கிட்டு இல்லன்னு எப்புடிக்கா சொல்றது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப பால் வெட்டுற கத்தியத் தூக்கிக்கிட்டு மலைக்கே போ! ஒழுகுற லயத்துலயே கெட!"

"சத்தம் போடாத," என்றார் அப்பா. "கேள்விய நான் கேக்குறேன்."

சட்டை போட்டுவிடச் சொன்னார். முதுகுக்குத் தலையணை வைத்தோம். துரைமாரின் குரலை அப்படியே வரவழைத்துக்கொண்டு கேட்டார்: "ஹேவ் யூ எனிபடி அட் ஹோம் டு டேக் கெயார் ஒஃப்?"

"நோ, சேர். நோபடி," என்று தொடங்கியவள் அவர் மடியில் விழுந்து அழுதாள்.

"அழுதா ஃபெயில். மறுபடி சொல்லு."

தினமும் கேட்டார். ஈரத் துவாயும் கையுமாக அவர் முதுகைத் துடைத்துக்கொண்டே, வீட்டில் ஒருவருமில்லை என்று அவள் சொல்லுவாள். பத்தாம் நாள் கண் கலங்காமல் சொன்னாள். "வெரி குட்," என்று அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான், பாவி, சந்தோஷப்பட்டேன்.

வேலை கிடைத்துப் போனாள். அங்கே ஒரு கிழவியைக் குளிப்பாட்டினாள். இங்கே அப்பாவுக்கு நான் சோறு ஊட்டினேன். "சின்னவ கை மாதிரி வராது," என்பார். வராதுதான். எனக்குப் பொறுமை எங்கே இருந்தது? ஒரு நாள் எச்சில் வழிந்ததற்கு அவரை அதட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் என் நாக்கையே அறுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவள் போன பதினோராம் மாதம் அப்பா போய்விட்டார்.

"லீவு கேளுடி," என்று போனில் கத்தினேன்.

"என்னான்னு கேக்குறது? அவங்க பேப்பர்ல அப்பா எப்பவோ செத்துட்டாருக்கா. இப்ப திரும்பச் செத்துட்டாருன்னா பொய் சொன்னேன்னு அனுப்பிருவாங்க. அப்பா பட்ட பாடெல்லாம் வீணாப் போயிரும்."

வாசலில் சாவுக்குத் தப்பு மேளம் அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். வீடியோவைப் போட்டு, அப்பா கிடந்த பெட்டிப் பக்கம் போனைப் பிடித்தேன். திரையில் தங்கை ஒரு சமையலறையில் நின்றாள். கையில் ஈரத் துவாய். அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அழவில்லை.

அவளுக்குப் பின்னாலிருந்து அந்தக் கிழவியின் குரல் கேட்டது. யார் அது, வீட்டிலிருந்தா என்று இங்கிலீஷில் அன்பாகத்தான் கேட்டாள்.

தங்கை திரும்பினாள்.

"நோ, மேடம். நோபடி."

அப்பா பழக்கியது போலவே, கண் கலங்காமல் சொன்னாள்.